கடைக்குக் கடை தனி வரிசை எண்: பதிவைக் காக்க வைக்காமல் தருவது எப்படி

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒவ்வொரு கமிஷன் கடைக்கும் டேட்டாபேஸில் தினமும் 1-லிருந்து தொடங்கும் சீட்டு எண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்த நாள் விடியலில் ஒரே கடைக்கு நாலைந்து பேர் எடை பதிவார்கள். 'இருப்பதில் பெரிய எண்ணோடு ஒன்று' என்று எழுதினால் இரண்டு மூட்டைக்கும் 57 விழும். ஒருவர் கமிட் (பதிவை உறுதிசெய்து முடிப்பது) செய்யாதது மற்றவர் கண்ணுக்குத் தெரியாது.

சீக்வென்ஸ் (டேட்டாபேஸ் தானே அடுத்த எண்ணைத் தரும் வசதி) யாரையும் நிறுத்தாது. ஆனால் பதிவு ரோல்பேக் ஆனால், அதாவது பாதியில் கைவிடப்பட்டால், எடுத்த எண் போனதுதான், நடுவில் ஓட்டை. கடைசி எண்ணைத் தனி டேபிளில் வைத்துக் கூட்டினால் ஓட்டை விழாது; அந்த ரோ (டேபிளின் ஒரு வரி) கமிட் வரை பூட்டியிருக்கும், அதே கடைக்குப் பதிகிறவர்கள் நிற்க வேண்டும். உடனே எண், ஓட்டையில்லாமை, காத்திராமை மூன்றும் சேர்ந்து கிடைக்காது. சீட்டு எண் கணக்கு முடிக்கும்போதுதான் தேவை என்றால், 'உடனே' என்பதை விட்டுவிடுங்கள்: முதலில் பதிந்து, எண்ணைப் பிறகு போடுங்கள். கையோடு பில் அச்சாக வேண்டிய இடத்துக்கு இந்த வழி ஒத்துவராது. அங்கே அந்தத் தனி டேபிள்தான்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் செய்முறை இது. சீட்டு எண்ணுக்கான பத்தியை (column) நல் (NULL, மதிப்பே இல்லாதது) ஆக விட்டுப் பதியுங்கள். கடை, தேதி, எண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு யுனிக் கட்டுப்பாடு (ஒரே சேர்க்கை இரண்டு முறை வராமல் தடுப்பது) போடுங்கள். நல் எத்தனை இருந்தாலும் அது தடுக்காது. (மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் தடுக்கும், அங்கே நல் அல்லாதவற்றுக்கு மட்டும் யுனிக் ஃபில்டர் இன்டெக்ஸ் போட வேண்டும்.) எண் இல்லாத ரோக்களை வேகமாகத் தேட, அவற்றுக்கு மட்டும் ஒரு பார்ஷியல் இன்டெக்ஸ்.

பிறகு சில விநாடிக்கு ஒருமுறை ஓடும் ஒரே ஒரு வேலை. அது முதலில் டிரான்சாக்‌ஷன் அளவிலான அட்வைசரி லாக்கை (எந்த ரோவையும் பிடிக்காமல் நாமே வைக்கும் பூட்டு, கமிட்டிலோ ரோல்பேக்கிலோ தானே விடுபடும்) 'டிரை' வகையில் கேட்கட்டும். கிடைக்காவிட்டால் நிற்காமல் வெளியேறட்டும். கிடைத்தால், அடுத்த தனி எஸ்க்யூஎல் வாக்கியத்தில் எண்ணில்லாத ரோக்களை எடுத்து, கடை, தேதி வாரியாகப் பிரித்து, ஐடி வரிசையில் ரோ நம்பர் (1, 2, 3 என எண்ணும் ஃபங்ஷன்) போட்டு, அந்தக் குழுவில் ஏற்கெனவே உள்ள பெரிய எண்ணோடு கூட்டி எழுதட்டும். குழுவில் எண்ணே இல்லையென்றால் 0 என்று கொள்ள வேண்டும். மறந்தால் நல்லோடு கூட்டி நல்லே வரும். லாக்கையும் வாசிப்பையும் ஒரே வாக்கியத்தில் அடைக்காதீர்கள்: லாக் கிடைக்கும் முன்பே ஸ்னாப்ஷாட் (அந்த வாக்கியம் பார்க்கும் தரவின் நிலை) எடுக்கப்பட்டிருக்கும், பழைய பெரிய எண்ணைப் பார்த்து யுனிக் பிழை வரும்.

எடையைத் திருத்த யாராவது ஒரு ரோவைப் பிடித்திருந்தால் வேலை அங்கே நின்றுவிடும். 'ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்டு' போட்டால் தாண்டிப் போகும். ரோ நம்பர் போன்ற விண்டோ ஃபங்ஷன் உள்ள அதே செலக்டில் அதை ஏற்காது. உள்ளே ஒரு சிடிஇ-யில் (WITH என்று தொடங்கும் துணை வினவல்) ரோக்களைப் பிடித்து, வெளியே எண்ணுங்கள். தாமதமாகக் கமிட் ஆன சின்ன ஐடி அடுத்த சுற்றில் அடுத்த எண்ணைப் பெறும். அதனால் சீட்டு வரிசை ஐடி வரிசையோடு எப்போதும் ஒத்துப்போகும் என்றில்லை, கொடுத்த எண் மட்டும் மாறாது. எண்ணே சேமிக்காமல் படிக்கும்போது ரோ நம்பர் போடுகிறவர்களுக்கு இந்த உறுதி இல்லை. நடுவில் ஒன்றை அழித்தால் அதற்குப் பிந்தைய எண்களெல்லாம் நகரும்.

எண் பெற்ற சீட்டை டெலிட் செய்யாமல் 'ரத்து' என்று குறியுங்கள்.

தேதியில்தான் பலர் மாட்டுகிறார்கள். சர்வர் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருந்தால் நம் காலை 5.30-க்குத்தான் தேதி மாறும், பூ வந்து இறங்கும் நேரம். ஒரே காலையின் சீட்டுகள் இரண்டு நாளாகப் பிரிந்து, நடுவில் மறுபடி 1 வரும். பதியும்போதே ஆசியா/கொல்கத்தா நேரப்படி தேதியைக் கணக்கிட்டுத் தனிப் பத்தியில் வையுங்கள்.