'கால் இட் எ டே' என்று சொன்னால் போன் வராது

கொள்ளுப்பிட்டியில் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, மேலாளர் 'லெட்ஸ் கால் இட் எ டே' என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் 'கால்' மட்டும்தான் காதில் விழுந்தது. போன் எடுப்பார் என்று ஏழு மணி வரை இருந்தேன், பிறகு காவலாளிதான் சிரித்துக்கொண்டே லைட்டை அணைத்தார். இன்றைக்கு வேலை போதும் என்பதுதான் அதன் அர்த்தமாம்.

அன்றே இருநூறு ஆங்கில மரபுத்தொடர் உள்ள ஒரு பட்டியலை எடுத்து மனப்பாடம் செய்தேன், ஒரு மாதத்தில் முக்கால்வாசி மறந்துபோனது. அப்புறம் பக்கத்து மேசை அக்கா சொன்னபடி, காதில் விழுந்ததை மட்டும், எந்த இடத்தில் சொன்னார்கள் என்பதோடு சேர்த்து எழுதி, வெள்ளவத்தை போகும் பஸ்ஸில் அதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். இங்கிலாந்தின் நியூகாசில் ஒரு காலத்தில் நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன ஊர், அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது என்றால் நம்முடைய கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதானே. வெயிலடிக்கும்போது வைக்கோலைக் காயவைக்கச் சொல்வதற்குக் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்.

'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' மட்டும் முதலில் பிடிபடவில்லை. 2023 ஆகஸ்ட் கலண்டரில் 1ஆம் திகதியும் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, 30ஆம் திகதியும் போயா. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமியைத்தான் ப்ளூ மூன் என்கிறார்கள், அத்தி பூத்தாற்போல் வருவது. இரண்டு லீவு கிடைத்ததால் இது மறக்கவே இல்லை.

கொட்டும் மழையைப் பூனையும் நாயுமாய்ப் பெய்கிறது என்று இங்கிலீஷில் சொல்கிற ஆளை மட்டும் இன்னும் ஒபிசில் சந்திக்கவில்லை.