டூ ஸ்ட்ரோக் வண்டி ஃப்ளட் ஆச்சுன்னா உதைக்கறத நிறுத்துங்க, பிளக்க கழட்டுங்க

ஓசூர்லயே செஞ்ச சுசுகி சாமுராய், மேக்ஸ் 100, அப்புறம் யமஹா ஆர்எக்ஸ், யெஸ்டி மாதிரி பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கெல்லாம் எங்க கிருஷ்ணகிரி மாவட்டத்துல இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. அப்பா ஓட்டுன வண்டின்னு விக்க மனசு வராம வச்சிருக்கறவங்கதான் பாதிப்பேர். நானும் அப்படித்தான். அதனாலதான் இத எழுதறேன், ஏன்னா இந்த வண்டிங்க கெட்டுப்போறத விட நாம அவசரத்துல கெடுக்கறதுதான் அதிகம்.

மொத தப்பு உதைச்சிட்டே இருக்கறது. மார்கழி மாசம் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் காலைல நல்ல குளிரு, சோக்க இழுத்து நாலு உதை உதைக்கறோம், பிடிக்கல, சோக்க தள்ளாமயே இன்னும் இருபது உதை. ஒவ்வொரு உதைக்கும் பெட்ரோல் உள்ள போய்ட்டே இருக்கும், பிளக் நனைஞ்சிடும் (இதத்தான் ஃப்ளட்னு சொல்றது), நனைஞ்ச பிளக்குல கரண்ட் ஒழுங்கா தாவாது, அப்புறம் எவ்ளோ உதைச்சாலும் கால்தான் வலிக்கும். நாலஞ்சு உதைல பிடிக்கலன்னா நிறுத்துங்க. பெட்ரோல் டேப்ப மூடுங்க, சோக்க தள்ளுங்க, ஆக்ஸிலேட்டர முழுசா திருகிப் பிடிச்சு பத்து பதினைஞ்சு உதை கொடுங்க. காத்து நிறைய போயி உள்ள இருக்கற பெட்ரோல் வெளிய வந்துடும், லேசான ஃப்ளட்டுன்னா இதுலயே பிடிச்சிடும்.

பிடிக்கலன்னா பிளக்க கழட்டிட்டு உதைங்க. இங்கதான் ஆபத்தான தப்பு ஒண்ணு நடக்குது. கழட்டுன பிளக்க கேப்போட மாட்டி அந்த ஓட்டைக்குப் பக்கத்துலயே வச்சு ஸ்பார்க் பார்ப்பாங்க, ஓட்டைல இருந்து பெட்ரோல் புகையா பீய்ச்சிட்டு வரும்போது பக்கத்துல பொறி பறந்தா தீப்பிடிச்சிடும். இக்னிஷன ஆஃப் பண்ணிட்டு மொதல்ல பெட்ரோல வெளியேத்துங்க, கொஞ்ச நேரம் காய விடுங்க, ஸ்பார்க் பார்க்கற வேலைய அப்புறமா ஓட்டைக்கு தள்ளி வச்சு, பிளக் உடம்பு இன்ஜின் இரும்புல நல்லா படற மாதிரி பிடிச்சு பண்ணுங்க. பிளக்க உப்புத்தாள் போட்டு தேய்க்காதீங்க, அந்த மணல் இடுக்குல தங்கி சிலிண்டர்குள்ள போகும், பித்தளை பிரஷ் போதும். வெளிய ஸ்பார்க் வருதுன்னு நம்பிடாதீங்க, சிலிண்டர்குள்ள அழுத்தத்துல (கம்ப்ரஷன்) அதே பிளக் செத்துப்போகலாம், புது பிளக் ஒண்ணு டூல் பாக்ஸ்ல எப்பவும் இருக்கட்டும்.

கிக்கர் கல்லு மாதிரி நிக்குதுன்னா ஏறிக் குதிக்காதீங்க. ராத்திரி பூரா டேப் திறந்திருந்து கிராங்க் கேஸ் (இன்ஜினோட அடிப்பாகம்), சிலிண்டர் வரைக்கும் பெட்ரோல் நிறைஞ்சிருக்கலாம், திரவத்த அமுக்க முடியாது, குதிச்சா கனெக்டிங் ராடு வளையலாம், இல்ல கிக்கர் ஷாஃப்ட் பல்லு போகலாம். பிளக்க எடுத்துட்டு மெதுவா கைலயே கிக்கர அமுக்குங்க. எனக்கு ஒரு தடவ இப்படி நின்னப்ப இன்ஜின் ஜாம்னு நினைச்சு பிரிக்கவே கிளம்பிட்டேன், எங்க மெக்கானிக் அண்ணன் வந்து பிளக்க மட்டும் எடுத்து அமுக்குனாரு, அரை டம்ளர் பெட்ரோல் கொட்டுச்சு.

பெரிய தப்பு எதுன்னு கேட்டா இதுதான் சொல்லுவேன்: ஸ்டார்ட் ஆனதும் வேலை முடிஞ்சதுன்னு போயிடறது. பெட்ரோல் ஏன் தானா இறங்குச்சுன்னு பாக்கணும். வண்டிய நேரா நிறுத்தி, ஆஃப்ல, டேப்ப மட்டும் திறந்து கார்ப்ரேட்டர் ஓவர்ஃப்ளோ டியூப கவனிங்க. சொட்டுச்சுன்னா ஃப்ளோட் நீடில் மூடல (உள்ள மிதக்கற ஃப்ளோட் மேல ஏறுனதும் பெட்ரோல் வர்ற வழிய அடைக்கற ஊசி அது). ஸ்க்ரூ டிரைவர் பிடியால பௌல (கார்ப்ரேட்டர் அடியில இருக்கற கிண்ணம்) லேசா தட்டுனா நிக்குதா, அப்ப தூசிதான், டேங்க் துரு இறங்கி வந்திருக்கும், ஃபில்டர் போடுங்க. நிக்கலன்னா கார்ப்ரேட்டர கழட்டி, பௌல எடுத்து, தலைகீழா பிடிச்சு, பெட்ரோல் வர்ற குழாய்ல வாய் வச்சு ஊதுங்க, காத்து போச்சுன்னா நீடில், சீட் ரெண்டையும் மாத்துங்க. ஃப்ளோட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள தண்ணி மாதிரி சலசலன்னா ஓட்டை. இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கும் ஓஸுக்கும் ஆகாது, அதையும் பாத்துக்கங்க. ஜெட்ட (பெட்ரோல் அளவா போற சின்ன துளை) மட்டும் கம்பி விட்டு குத்தாதீங்க, ஓட்டை பெருசாயிடும், அப்புறம் வண்டி என்னைக்கும் பெட்ரோல் குடிக்கும்.

பிளக் பெட்ரோல் வாசனை இல்லாம கருப்பா, பிசுபிசுன்னு ஆயிலா இருந்தா இது ஃப்ளட்டே இல்ல. பெட்ரோலோட கலக்கற ஆயில் ஜாஸ்தி ஆகியிருக்கும், இல்லன்னா கிளட்ச் பக்க கிராங்க் ஆயில் சீல் போயி கியர் ஆயில இழுக்குது. சைலன்சர்ல வெள்ளைப் புகை நிக்காம வருதா, கியர் ஆயில் அளவு குறையுதான்னு பாருங்க, ரெண்டும் ஒத்து வந்தா கார்ப்ரேட்டர தொடாம சீலுக்கு ஏற்பாடு பண்ணுங்க.