துணி டயப்பர் ஒழுகியது ஏன்? என் அனுபவம்

நன்றாக உழைத்துக்கொண்டிருந்த துணி டயப்பர்கள், மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது ஒழுகத் தொடங்கின. மாட்டிய சற்று நேரத்தில் தொடைப் பக்கம் ஈரம். காலையில் கழற்றினால் கண்ணெரியும் அமோனியா வாடை.

அளவு பத்தவில்லையோ என்று பட்டன்களைத் தளர்த்தினேன். இரவில் இன்சர்ட் (டயப்பருக்குள் வைக்கும் உறிஞ்சும் துணிப்பட்டை) இரண்டு வைத்தேன். மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டதில் கறை வெளுத்தது, வாடை போகவில்லை.

அப்புறம் காய்ந்த இன்சர்ட் மீது ஒரு கரண்டி தண்ணீர் விட்டுப் பார்த்தேன். தாமரை இலையில் போல உருண்டு ஓரமாக ஓடியது! அதாவது டயப்பர் நிரம்பி ஒழுகவில்லை, உள்வாங்காமலே ஒழுகுகிறது. நாங்கள் துவைப்பது உப்பு போர் தண்ணீரில், சோப்புக் கட்டி போட்டு. அந்தத் தண்ணீரின் கால்சியமும் சோப்பும் சேர்ந்தால் கரையாத பிசுக்காகி நூலில் ஒட்டிக்கொள்ளும். வாளி ஓரத்தில் படியும் வெள்ளைப் பிசுக்கும் அதுவே.

இன்சர்ட்களை மட்டும் சூடான நல்ல தண்ணீரில் சலவை சோடா கலந்து இரவு முழுக்க ஊறவைத்தேன். மேலுறையை இதில் போடக் கூடாது, அதன் நீர்புகாப் படலம் சூட்டில் கெட்டுவிடும். மறுநாள் வெறும் தண்ணீரில் அலசினால், சோப்பே போடாத வாளியில் நுரை பொங்குகிறது! நுரை நிற்கும்வரை அலசினேன். காய்ந்ததும் மறுபடி கரண்டித் தண்ணீர், விட்டதும் உறிஞ்சியது. அப்பாடா என்றிருந்தது.

இப்போது கட்டி சோப்புக்குப் பதில் சலவைத்தூள், கடைசி அலசல் நல்ல தண்ணீரில். துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் இதேபோல் நூலில் படியும் என்பதால் அதைச் சேர்ப்பதில்லை.