மும்பைத் தமிழ் வீட்டில் வீகனாக மாற: தீட்டுப் பார்க்காமல், கணக்குப் பார்த்து

வீகன் என்றால் கறி, மீன், முட்டை, பால் என்று விலங்கிடமிருந்து வரும் எதையும் தவிர்ப்பவர். மும்பை செம்பூரில் ஒரு தமிழ் வீட்டில் "நான் பாலை விடப்போகிறேன்" என்று சொன்னால் மாட்டைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். "அப்போ காபி?" என்பார்கள். காபிக்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் செய்யப்போவது ஆசாரமா, கணக்கா?

எனக்குக் கணக்கு. நம்மவர்களுக்குச் சாப்பாட்டில் ஒன்றை விலக்குவது என்றாலே சுத்தம், தீட்டு, தனிப் பாத்திரம் என்று மனசு ஓடிவிடுகிறது. விலங்குகளுக்காக விடுகிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை. மீன் வறுத்த கல்லில் தோசை சுட்டால் எந்த மீனுக்கும் புதிதாக வலிக்கப்போவதில்லை. கடையில் காசு கொடுத்து முட்டை வாங்கும்போதுதான் இன்னொரு கோழியைக் கூண்டுக்குள் அனுப்புகிறோம். சந்தேகம் வரும்போதெல்லாம் 'இதனால் எந்த உயிருக்கு என்ன மாறும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1944-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வீகன் சங்கத்தின் வரையறையே 'முடிந்தவரை, நடைமுறைக்கு ஒத்தவரை' என்றுதான் போகிறது.

அந்தக் கணக்கில் எதை முதலில் விடுவது? எங்கள் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், எல்லாம் சாப்பிடும் வீடு. எங்களைப் போன்றவர்கள் டாக்டர் சொன்னார் என்று ஆட்டுக்கறியை விட்டுக் கோழிக்கு மாறுவார்கள். உயிர்க் கணக்கில் அது தலைகீழ். ஓர் ஆட்டின் கறிக்கு ஈடாக எத்தனையோ கோழிகள் போக வேண்டும், அந்தக் கறிக்கோழிகளின் ஆயுளே ஆறு வாரம்போலத்தான். முட்டையை அதைவிட மோசம் என்பேன். கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏ4 தாளைவிடச் சின்னது. சிறகை விரிக்கவே முடியாது. முட்டைக்கோழி இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சால் பண்ணைக்கு லாபமில்லை, அதனால் பெரும்பாலும் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். 2017-இல் இந்தியச் சட்ட ஆணையம் தன் 269-ஆம் அறிக்கையை முழுக்க இந்தக் கோழிகளின் நிலைமைக்கே ஒதுக்கியது. ஆகவே முட்டையும் கோழியும் முதலில் போகட்டும். அப்புறம் மீனும் ஆடும். பால் கடைசியில். ஏற்கெனவே சைவமாக இருப்பவர்கள் நேரே பாலுக்கு வரலாம்.

பாலில் என்ன பாவம் என்பதுதான் எங்கள் அத்தையின் கேள்வியும். "அது பாட்டுக்குக் கறக்குது, நாம என்ன வெட்டவா செய்தோம்?" என்றார். "கன்னுக்குட்டிக்காகத்தானே சுரக்குது அத்தை" என்றேன். மும்பையில் எருமைப் பாலுக்குத்தான் மவுசு. நகரத்துத் தபேலாக்களை, அதாவது எருமைத் தொழுவங்களை, ஊருக்கு வெளியே கொண்டுபோக 1949-இல் கோரேகாவ் பக்கம் ஆரே காலனியை அமைத்தார்கள். அங்கே இன்றும் தபேலாக்கள் உண்டு, முடிந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். எருமை சினையாகிப் பத்து மாதம் சுமந்து கன்று போட்டால்தான் பால். பிறந்தது கடாக்கன்று என்றால் அது குடிக்கும் ஒவ்வொரு வாய்ப் பாலும் முதலாளிக்கு நட்டம். பால் வற்றிய எருமைக்குச் சும்மா தீனி போடவும் கட்டுப்படியாகாது. மகாராஷ்டிரத்தில் பசுவை வெட்டத் தடை, 2015-இல் காளையும் எருதும் அதில் சேர்ந்தன, எருமை சேரவில்லை. தேவ்னார் இறைச்சிக்கூடம் எங்கள் செம்பூருக்கு அடுத்த பேட்டைதான். பாலும் கறியும் ஒரே வியாபாரம் என்று புரிந்துகொள்ள நாங்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை.

சரி, அடுக்களைக்கு வருவோம். நம் சமையலில் பாதிக்கு மேல் ஏற்கெனவே வீகன்தான். இட்லி, அடை, சாம்பார், வத்தக்குழம்பு, புளிசாதம், பொரியல், பருப்புத் துவையல், சுண்டல், எதற்கும் பால் வேண்டாம். நெய் இருந்த இடத்தில் பொடிக்கு நல்லெண்ணெய், அடைக்குத் தேங்காயெண்ணெய். பாயசத்தைத் தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டுச் செய்யலாம். உண்மையான இடைஞ்சல் இரண்டே இரண்டு: தயிர்சாதமும் காபியும்.

தயிருக்கு வேர்க்கடலை. மாட்டுங்கா மார்க்கெட்டில் 'சிங்தானா' என்று கேட்டு, வறுக்காததாக வாங்குங்கள். ஒரு கப் கடலையை ராத்திரி ஊறவைத்து, காலையில் தோலைக் கசக்கி எடுத்துவிடுங்கள். தோல் இருந்தால் நிறமும் மட்டம், கசப்பும் வரும். மூன்று கப் தண்ணீர் விட்டு மிக்சியில் நைசாக அரைத்து, துணியில் வடிகட்டி, அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே கொதிக்கவிடுங்கள். பச்சை வாசனை போய்ச் சற்றுக் கெட்டியானதும் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவையுங்கள். உறை ஊற்றப் பால் தயிர் கிடையாது, பச்சை மிளகாய்க் காம்புகள் ஏழெட்டு போடுங்கள், அதிலுள்ள நுண்ணுயிர்கள் போதும். முதல் தடவை உறைவது சுமாராகத்தான் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் நன்றாக வரும். கடலை வாசனை கொஞ்சம் இருக்கும், மறைக்க முடியாது. ஆனால் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டிச் சாதத்தில் பிசைந்து, பக்கத்தில் மாங்காய் ஊறுகாய் வைத்தால் எங்கள் வீட்டில் யாரும் முகம் சுளிப்பதில்லை. மோர்க்குழம்புக்கும் இதுவே ஆகும். வெறும் தயிராகக் கிண்ணத்தில் சாப்பிட நான் சொல்ல மாட்டேன்.

காபிக்குச் சோயா பால் சட்டென்று திரிந்துவிடும். ஓட்ஸ் பால் நல்லது, விலைதான் கூடுதல். முந்திரியை நாலு மணி நேரம் ஊறவைத்து அரைத்த பால் மலிவும் இல்லை, மோசமும் இல்லை. எதுவானாலும் கொதிக்கவிடாமல் சூடாக்கி, டிக்காஷனைச் சற்று ஆறவிட்டுக் கலந்தால் திரியாது. சிக்கரி கலந்த பொடியாக இருந்தால் காபிக்குக் கனம் கிடைக்கும்.

உடம்பு விஷயத்தில் விளையாட வேண்டாம். வைட்டமின் பி12 செடிகொடிகளிலிருந்து கிடைக்காது. புளித்த மாவில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தத்தில் அளவைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கேட்காமல் தொடங்கவே கூடாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளில் அதைவிட அதிகம். இரும்புச் சத்து உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும், சாப்பாட்டை ஒட்டி டீ, காபி வேண்டாம்.

பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம், அவ்வளவுதான். பால் பவுடர் உள்ளே இருக்கலாம். பொருள் பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமைக்காகப் போட்டிருக்கும் வரியில் பால் இருக்கிறதா பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 விதிகளுக்குப் பிறகு, பச்சை 'வி' எழுத்தில் இலை முளைத்த சின்னம் வீகனுக்கென்று தனியாக வந்திருக்கிறது.

வெளியே சாப்பிட மும்பை நல்ல ஊர். வடா பாவ், பேல், மிசல், காந்தா போஹா, தேங்காய்ப்பாலும் கோகமும் சேர்ந்த சோல் கடி, எல்லாம் கிடைக்கும். பாவ் பாஜியில் வெண்ணெய் மிதக்கும். மாட்டுங்கா ஹோட்டல்களில் தோசையை எண்ணெயில் வார்க்கச் சொல்லுங்கள். 'ஜெயின்' என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள், ஆனால் வெங்காயத்தை எடுத்துவிட்டு நெய்யை ஊற்றிவிடுவார்கள்! 'தூத், தஹி, கீ, மக்கன், பனீர், குச் பீ நஹி' (பால், தயிர், நெய், வெண்ணெய், பனீர், எதுவும் வேண்டாம்) என்று ஒவ்வொன்றாக அடுக்குவதுதான் வழி.

சொந்தக்காரர் வீட்டில் சாம்பாரில் ஒரு சொட்டு நெய் தாளித்திருந்தால் நான் தட்டைத் தள்ளுவதில்லை. நமக்கென்று வாங்கிச் சமைத்தால் மறுப்பேன். முன்கூட்டிப் போனில் சொல்லிவிட்டால் இந்தச் சங்கடமே வராது. சேடா நகர் முருகனுக்குப் பாலுக்குப் பதில் அபிஷேகத்துக்கு இளநீர் கொண்டுபோகிறேன். குருக்கள் ஒன்றும் கேட்டதில்லை. வீட்டுக்காரர் மீன் சாப்பிடுகிறார், அதே மேசையில்தான் உட்காருகிறேன்.

தோலும் பட்டும் மிச்சம். என் தாத்தா தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர், அந்தக் கூலியில்தான் அப்பா படித்தார். அதனால் அந்தத் தொழிலாளிகளை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நான் வாங்குவதை நிறுத்தினேன், அவ்வளவே. பழைய செருப்பைத் தூக்கி எறிவதால் எந்த மாடும் எழுந்து வராது, தேயும்வரை போடுங்கள். பட்டுப்புழுவைக் கூட்டோடு வேகவைத்துத்தான் நூல் எடுக்கிறார்கள் என்பதால் புதிதாகக் காஞ்சிப் பட்டு வாங்குவதில்லை. அம்மாவின் பட்டுப்புடவைகள் பீரோவில் இருக்கின்றன, விசேஷங்களுக்கு அவற்றையே கட்டுகிறேன். பெண்ணின் கல்யாணம் வந்தால் சுங்குடியும் நல்ல பருத்திப் புடவைகளும் என்று இப்போதே அவளிடம் பேசி வைத்திருக்கிறேன். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.