ஷேப்ஷிஃப்டர் ரொமான்ஸ் படிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு: எங்க தொடங்கறது, எதை கவனிச்சுப் படிக்கறது

அட்டையில ஓநாய், பின்னாடி முழு நிலா, முன்னாடி ஒரு பொண்ணு, இப்படி இருக்கற எல்லாமே ரொமான்ஸ் நாவல் இல்ல, இதை முதல்ல தெரிஞ்சுக்கோங்க. ஷேப்ஷிஃப்டர்னா மனுஷ உருவத்துலருந்து மிருகமா மாறக்கூடியவங்க. இவங்களை மாதிரி அமானுஷ்ய ஆட்கள் வர்ற காதல் கதைக்குப் பேரு பாரநார்மல் ரொமான்ஸ், அதுல கதையே அந்த ரெண்டு பேர் எப்படி சேர்றாங்கங்கறதுதான், வில்லன் யாரா வேணா இருக்கட்டும், உலகமே அழியற மாதிரி இருக்கட்டும், கடைசில அவங்க சேர்ந்து நல்லா இருப்பாங்க, அந்த நம்பிக்கையிலதான் நாம புக்கையே எடுக்கறோம். அர்பன் ஃபேன்டஸி, அதாவது நகரத்துல மாயம் கலந்து நடக்கற கதை, அப்படி கிடையாது, அதுல கொலை, விசாரணை, சண்டை எல்லாம் முன்னாடி ஓடும், காதல் பக்கத்துல மெதுவா வளரும். பேட்ரிஷியா பிரிக்ஸ் எழுதின மெர்ஸி தாம்சன் சீரிஸ் 2006ல ஆரம்பிச்சது, கொயோட்டியா (ஓநாய் மாதிரி சின்னதா இருக்கற அமெரிக்க மிருகம்) மாறக்கூடிய ஒரு கார் மெக்கானிக் பொண்ணுதான் ஹீரோயின், அருமையான சீரிஸ், ஆனா அவ யாரோட சேரப்போறாங்கறது மூணாவது புக்லதான் தெளிவாகும். இது தெரியாம ரொமான்ஸ்னு நினைச்சு முதல் புக்கை முடிச்சா "என்னடா இது, காதலே வரலையே"ன்னு தோணும், அது புக்கோட குத்தமே இல்ல.

எந்த புக்ல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா நான் சொல்றது நளினி சிங்கோட சை-சேஞ்ச்லிங் சீரிஸ், முதல் புக் ஸ்லேவ் டு சென்சேஷன், 2006ல வந்தது. கதை நடக்கறது 2079ல. சைன்னு ஒரு இனம், மனசால பேசற சக்தி உள்ளவங்க, நூறு வருஷமா உணர்ச்சியே இல்லாம வாழப் பழகினவங்க, இன்னொரு பக்கம் தொட்டுத் தொட்டு வாழற சிறுத்தைக் கூட்டம், ஓநாய்க் கூட்டம். உணர்ச்சியை ஒளிச்சு வெச்சுக்கிட்டு வாழற ஒரு பொண்ணு, தொடாம இருக்கவே தெரியாத ஒரு சிறுத்தைக்காரன், இந்த ரெண்டு பேரைப் பக்கத்துல நிறுத்தினாலே பாதி கதை தானா வந்துடும். ஒவ்வொரு புக்லயும் வேற ஜோடி, ஆனா அடியில ஓடற அரசியல் கதை ஒண்ணுதான், 2016 வரைக்கும் 15 நாவல்ல அது ஒரு கட்டம் முடியுது. பதினஞ்சு ரொம்ப நீளம்னு பயப்படறவங்க 2017ல வந்த சில்வர் சைலன்ஸ்ல நேரா இறங்கலாம், மாஸ்கோ பக்கத்துக் கரடிக் கூட்டம், சிரிப்பும் கலாட்டாவுமா போகும், முன்கதை தேவைப்படற அளவுக்கு அங்கங்க சொல்லிடுவாங்க. பழைய புக்ஸோட சில முடிச்சுகள் மட்டும் முன்னாடியே தெரிஞ்சுபோயிடும், அது பரவாயில்லன்னா தாராளமா போங்க.

ரீடிங் ஆர்டரை இந்த வகையில லேசா எடுத்துக்காதீங்க. காரணம், முக்கியமான சம்பவம் சில சமயம் நாவல்லயே இருக்காது, தொகுப்புல வந்த ஒரு குறுநாவல்ல இருக்கும். இதே பிரிக்ஸோட க்ரை வுல்ஃப் 2008 நாவல், சீரிஸ் நம்பர் பாத்தா அதுதான் 1, ஆனா அந்த ஜோடி முதல் முதல்ல சந்திக்கறது அதுக்கு முந்தின வருஷம் ஒரு தொகுப்புல வந்த ஆல்ஃபா அண்ட் ஒமேகாங்கற குறுநாவல்ல. அதைப் படிக்காம நாவலைத் திறந்தா ஏற்கனவே பாதி காதல்ல இருக்கற ரெண்டு பேரைப் பாத்துட்டு நடுவுல வந்து உக்காந்த மாதிரி முழிப்பீங்க. அதனால எந்த சீரிஸ் எடுத்தாலும் எழுத்தாளரோட சொந்த வெப்சைட்ல வரிசையைப் பாத்துடுங்க, 0.5, 1.5ன்னு நம்பர் போட்டது இருந்தா அது என்னன்னு பாத்துட்டு ஆரம்பிங்க.

சரி புக்கைத் திறந்தாச்சு. முதல் அம்பது பக்கத்துல நான் தேடறது அந்த உலகத்தோட சட்டங்களை. பொறக்கும்போதே ஷிஃப்டரா, இல்ல கடிச்சா மாறுவாங்களா? விருப்பப்பட்டா மாறலாமா, இல்ல நிலா சொல்றப்போ மாறியே ஆகணுமா? மாறும்போது வலிக்குமா? மிருகமா இருக்கறப்போ மனுஷ புத்தி இருக்குமா? இதெல்லாம் அலங்காரம் இல்ல, காதல்ல என்ன தடை வரப்போகுதுன்னு இங்கயே தெரிஞ்சுடும். மேகி ஸ்டீஃப்வாட்டரோட ஷிவர்ல குளிர் வந்தா ஓநாயாயிடுவாங்க, வெயில் காலத்துல மனுஷங்க, வருஷம் போகப் போக மனுஷனா இருக்கற நாள் குறைஞ்சுகிட்டே வரும், அந்த ஒரே சட்டத்துலருந்து மொத்த தவிப்பும் பொறக்குது.

உடுப்பு என்ன ஆகுதுன்னும் பாருங்க, நிஜமாத்தான் சொல்றேன். மாறினதும் துணி கிழியுதா, அவுத்து வெச்சுட்டுப் போறாங்களா, இல்ல மாயமா மறைஞ்சு மாயமா வந்துடுதா, இதை யோசிச்சு எழுதினவங்க மத்ததையும் யோசிச்சிருப்பாங்க. இது புதுக் கேள்வியும் இல்ல, 12ஆம் நூற்றாண்டுல மரி த ஃப்ரான்ஸ் பிரெஞ்சுல எழுதின பிஸ்க்லாவ்ரேங்கற கதைப்பாட்டுல வாரத்துல மூணு நாள் ஓநாயா திரியற ஒரு பிரபு, அவனோட உடுப்பை மனைவி இன்னொரு ஆளை வெச்சுத் திருடிடுவா, அது இல்லாம அவனால மனுஷனா திரும்பவே முடியாது. துணியும் நம்பிக்கையும் காதலும் அன்னிக்கே ஒரே முடிச்சுல இருந்திருக்கு.

இப்போ மேட் பாண்ட், அதாவது ஜோடிப் பிணைப்பு. இந்த வகையோட உயிரும் இதான், நிறைய புக்ஸ் கவுந்து விழறதும் இங்கதான். விதி உங்களுக்கு ஒரே ஒரு ஆளை எழுதி வெச்சிருக்கு, வாசனையிலயே கண்டுபிடிச்சுடலாம், பாத்த அடுத்த செகண்ட் மிருகம் "இது என்னோடது"ங்கும். படிக்க ஜிவ்வுனு இருக்கும், ஒத்துக்கறேன், ஆனா அப்படியே விட்டா கதைக்கு வேலையே இல்ல, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கவே தேவையில்லாம போயிடும். அதனால ஒவ்வொரு புக்லயும் இந்த ஒரு கேள்வியைக் கையில வெச்சுக்கிட்டுப் படிங்க: இவங்கள்ல யாராவது வேணாம்னு சொன்னா என்ன ஆகும்? சொல்ல முடியுமா, சொன்னா மத்தவர் மதிப்பாரா, உலகம் அதுக்கு இடம் குடுக்குதா? உடம்பு முடிவு பண்ணிடுச்சு, மனசு இன்னும் பண்ணல, அந்த இடைவெளியிலதான் நல்ல எழுத்தாளர்கள் நிக்கறாங்க. விதி சேர்த்து வெச்ச பிறகும் ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுக்கற அந்த சீனுக்காகத்தான் நான் இந்த வகையையே படிக்கறேன், அது வர்ற புக்கை ரெண்டாவது தடவையும் எடுக்கத் தோணும்.

கெல்லி ஆம்ஸ்ட்ராங்கோட பிட்டன் 2001ல வந்தது, அந்த உலகத்துல ஓநாயா மாறி உயிர் பிழைச்ச ஒரே பொண்ணு எலீனா. அவளைக் கடிச்சு மாத்தினவன் அவ காதலிச்சவனேதான், அவகிட்ட கேக்கவே இல்ல. அந்தக் கோபத்தை புக் லேசுல மன்னிச்சு விடாது, வருஷக்கணக்கா அவ சுமந்துகிட்டே திரிவா, அதனாலதான் அதுல வர்ற காதலுக்கு ஒரு கனம் இருக்கு. இதுக்கு நேரெதிரா ஹீரோ கதவை உடைச்சுட்டு வந்து தூக்கிட்டுப் போறதையே காதல்னு காட்டற புக்ஸும் ஏகப்பட்டது இருக்கு. சிலருக்கு கற்பனையா படிக்க அது பிடிக்கும், அதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா உங்களுக்கு ஒத்துக்காதுன்னா பாதியில மூடி வெச்சுடுங்க, முடிச்சே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. முதல் பக்கத்துல கன்டென்ட் வார்னிங் (என்ன மாதிரி கடுமையான விஷயம் வருதுன்னு சொல்ற எச்சரிக்கை) போட்டிருந்தா தாண்டிப் போகாம படிங்க. ரிவ்யூ பாக்கறப்போ நாலு அஞ்சு ஸ்டாரை விட ரெண்டு ஸ்டார் ரிவ்யூ உதவும், எது பிடிக்கலன்னு அவங்கதான் விவரமா எழுதுவாங்க, அவங்களுக்குப் பிடிக்காதது உங்களுக்குப் பிடிச்ச விஷயமாவும் இருக்கலாம்.

ஆல்ஃபா, பீட்டா, ஒமேகான்னு கூட்டத்துக்குள்ள படிநிலை வரும், ஆல்ஃபான்னா தலைவன். நிஜ ஓநாய் இப்படித்தான்னு நம்பிட வேணாம். 1947ல ருடால்ஃப் ஷென்கல் எழுதின ஆய்வு அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பாத்து எழுதினது, ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970ல எழுதின புத்தகம் அந்த ஆல்ஃபா கருத்தைப் பரப்பிடுச்சு, அப்புறம் காட்டு ஓநாய்களை வருஷக்கணக்கா பாத்துட்டு அவரே 1999ல திருத்தி எழுதினார், காட்டுல கூட்டம்ங்கறது பெரும்பாலும் அப்பா அம்மாவும் குட்டிகளும்தான், சண்டை போட்டு ஜெயிச்ச ராஜா யாரும் கிடையாது. இது தெரிஞ்சா நாவல் கசக்கும்னு இல்ல, எனக்கு இன்னும் ருசிக்குது, கூட்டத்தை குடும்பமா எழுதறவங்க யாரு, ராணுவமா எழுதறவங்க யாருன்னு சட்டுனு தெரிஞ்சுடும். ஹீரோ எவ்ளோ உறுமறான்னு பாக்காதீங்க, கூட்டத்துல பலவீனமான ஆளுகிட்ட எப்படி நடந்துக்கறான்னு பாருங்க.

பேர்கள் குழப்பும், கூட்டம் பெருசு, எல்லாருக்கும் தம்பி தங்கச்சி இருப்பாங்க, அடுத்த புக்கோட ஜோடி அவங்கதான். யார் எந்தக் கூட்டம், யாருக்கு யார் சொந்தம்னு ஒரு சின்ன நோட் வெச்சுக்கிட்டா மூணாவது புக்ல கஷ்டப்பட மாட்டீங்க.

ஆப்ல அத்தியாயம் அத்தியாயமா காயின் குடுத்துப் படிக்கற ஆல்ஃபா கதைகள் பத்தியும் சொல்லிடறேன். அதுலயும் நல்லா எழுதறவங்க இருக்காங்க, ஆனா அங்க நீளம்தான் வருமானம்ங்கறதால நூறு அத்தியாயம் தாண்டியும் அதே தப்பெண்ணம், அதே பிரிவுன்னு சுத்தும், மொத்தமா செலவாகற காசு ஒரு முழு நாவல் விலையைத் தாண்டிடலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கதை முடிஞ்சுதா, மொத்தம் எத்தனை அத்தியாயம், ஒண்ணுக்கு எவ்ளோன்னு பாத்துட்டு காயின் வாங்குங்க. சீரிஸ் நாவலுக்கும் இதே மாதிரி ஒரு செக் இருக்கு, ஒவ்வொரு புக்கும் தனித்தனி ஜோடியா இல்ல ஒரே ஜோடி க்ளிஃப்ஹேங்கர்ல, அதாவது பாதியில நிக்கற முடிவுல, தொங்குதான்னு பாத்துடுங்க, ஒரே ஜோடின்னா அடுத்த புக் வந்தாச்சான்னு தெரிஞ்சுக்கிட்டு கையில எடுங்க.