சிறிய திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்பவருக்கு

பிளஸ் டூ முடித்தவர்கள் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பாக ஒளிப்பதிவைக் கற்கலாம். பட்டதாரிகள், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட புனே இந்தியத் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்துக்கும் விண்ணப்பிக்கலாம். இத்தகைய இடங்களில் ஒரு பிரிவில் சில மாணவர்களே இருப்பார்கள். எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் அங்கே படிப்பவர்களிடம் கேட்க வேண்டியது, என்ன கேமரா இருக்கிறது என்பதை அல்ல, ஒரு பருவத்தில் அது உங்கள் கைக்கு எத்தனை நாள் வரும் என்பதையே. விளக்கக் கையேட்டில் மின்னும் கேமரா பூட்டிய அலமாரியில் இருந்தால் யாருக்குப் பயன்?

நேர்காணலுக்கு எடுத்துச் செல்லும் புகைப்படங்களில் அழகான சூரிய அஸ்தமனங்களைக் குறைத்துக்கொண்டு, ஒரே இடத்தை, ஒரே லென்ஸில், காலை முதல் இரவு வரை எடுத்த வரிசை ஒன்றைச் சேருங்கள். தானியங்கி அமைப்பை அணைத்துவிட்டு, ஒளி அளக்கும் மீட்டரைப் பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிடப் பழகுங்கள். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/125 நொடி என்றால் அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 16 ஏறக்குறையச் சரியாக இருக்கும். அதே நேரத்தில் வானம் தெரியும் திறந்த நிழலுக்கு மூன்று ஸ்டாப் (ஒவ்வொன்றும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும் படி) திறந்து எஃப் 5.6-க்கு வர வேண்டியிருக்கும்.

கல்லூரியில் ஃபிலிம் கழுவும் இருட்டறை இன்னும் இயங்குகிறது என்றால் அதைத் தவறவிடாதீர்கள். ஒரு ரோலில் 36 படங்களே என்ற கட்டுப்பாடு, அழுத்துவதற்கு முன் முடிவெடுக்கும் பழக்கத்தைத் தரும். டிஜிட்டலில் அந்தப் பழக்கம் எளிதில் வருவதில்லை. டி-76 போன்ற கறுப்பு வெள்ளை டெவலப்பர்களுக்கு (ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்கள்) நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸைக் கணக்கில் கொள்கின்றன. சென்னைக் கோடையில் குழாய்த் தண்ணீரோ 30 டிகிரியைத் தொடும். வெப்பம் கூடினால் டெவலப் செய்யும் நேரம் சுருங்கும். அது ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் நெகட்டிவ் திட்டுத்திட்டாக வரக்கூடும். ஆகவே அகலமான தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பனிக்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அதில் மிதக்கவிட்டு, ரசாயனப் பாட்டில்களை அதற்குள் நிறுத்திக் குளிர்வியுங்கள். பனிக்கட்டியை நேரடியாக டெவலப்பரில் போட்டால் கரைசல் நீர்த்துவிடும். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு, படத்தை நிலைப்படுத்தும் ஃபிக்ஸரையும் கழுவும் தண்ணீரையும் சூடாக விட்டுவிடவும் கூடாது. திடீர் வெப்ப மாற்றத்தால் ஃபிலிமின் மேற்பூச்சு சுருங்கி, படம் முழுவதும் வலைபோல் விரிசல் விழும் அபாயம் உண்டு.

படப்பிடிப்புப் பயிற்சிகளுக்கு வரும்போது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை மறவாதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் ஷட்டர் திறந்திருக்கும் கோணத்தை 180 டிகிரியாக வைத்தால் ஒரு ஃபிரேமுக்கு 1/48 நொடி வெளிச்சம் கிடைக்கும். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் உள்ள அறையில் 172.8 டிகிரி, அதாவது 1/50 நொடி, வைப்பது, விளக்கொளி படத்தில் துடிப்பதைத் தவிர்க்கப் பாதுகாப்பானது.

உங்கள் முறை வராத நாட்களில் அறைக்குப் போய்விடாமல், சக மாணவர் படத்தில் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் ஃபோகஸ் புல்லராகவோ விளக்குத் தூக்குபவராகவோ நில்லுங்கள். வகுப்பில் பத்துப் பேர் என்றால் உங்கள் பயிற்சி ஒன்று, பிறருடையவை ஒன்பது. கற்பதில் பெரும்பகுதி அந்த ஒன்பதில்தான் கிடைக்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கு நின்ற இடம், தூரம், அபெர்ச்சர் ஆகியவற்றைச் சிறு வரைபடமாகக் குறித்து, எடிட்டிங் மேசையில் காட்சி ஓடும்போது அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். கார்டிலுள்ளதை இரண்டு டிஸ்க்குகளில் நகலெடுத்துத் திறந்து பார்த்த பிறகே அழிக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பின் இறுதியில் எடுக்கும் டிப்ளமோ படத்துக்கு, ஒதுக்கப்பட்ட நாட்களுக்குள் முடியக்கூடிய கதையை இயக்குநர் மாணவருடன் உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். இரவுக் காட்சிகளைக் குறைக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். பல நிறுவனங்களில் மாணவர் படத்தின் உரிமை நிறுவனத்திடமே இருக்கும் என்பதால், விழாக்களுக்கு அனுப்பவும் உங்கள் தொகுப்பில் காட்சிகளைச் சேர்க்கவும் எழுத்துப்பூர்வ அனுமதியைப் படிப்பு முடிவதற்குள் வாங்கிவிடுங்கள்.