குழந்தை உள்ள வீட்டில் சோப்பும் சானிடைசரும்: எதை, எப்போது, எப்படி

கைக்குழந்தை உள்ள வீடுகளில் கிருமியைப் பற்றி இரண்டு கட்சிகள் இருப்பதைப் பார்க்கலாம். குழந்தை எதைத் தொட்டாலும் உடனே சானிடைசர் பாட்டிலைத் தேடுபவர்கள் ஒரு பக்கம்; மண்ணில் புரண்டு வளர்ந்தால்தான் உடம்பு தேறும் என்று விட்டுவிடுபவர்கள் மறுபக்கம். இரு தரப்பாரும் குழந்தையின் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால், தானாக நடமாடாத வயதில் வரும் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் காரணமான கிருமிகள் பெரும்பாலும் குழந்தையைத் தூக்குகிற, ஊட்டுகிற, துடைத்துவிடுகிற பெரியவர்களின் கை வழியாகவும் மூச்சு வழியாகவும் வந்து சேர்பவை. ஆகவே கவனம் முதலில் பெரியவர்களின் கைமீது திரும்ப வேண்டும்.

டயபர் மாற்றிய பின், கழிப்பறை சென்று வந்த பின், பச்சை மீனையோ கோழிக்கறியையோ தொட்ட பின், சமைப்பதற்கும் ஊட்டுவதற்கும் பால் கலக்குவதற்கும் முன், வெளியிலிருந்து வந்து குழந்தையைத் தூக்குவதற்கு முன் பெரியவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவியே தீர வேண்டும். இந்த நேரங்களில் தவறாமல் கழுவுகிற வீட்டில், மற்ற நேரங்களில் மணிக்கொரு தரம் குழந்தையின் கையைத் துடைத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

பிறந்த குழந்தையைப் பார்க்க வரும் உறவினரிடம் இதைச் சொல்வதுதான் இளம் தாய்மார்கள் பலருக்குச் சங்கடம். வந்தவர் உட்காரும் முன்பே, "பெரியம்மா, வெயில்ல வந்திருக்கீங்க, கை கால் கழுவிட்டு வந்து பாப்பாவ வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டால் அது உபசாரமாகவே இருக்கும். அவர் குழந்தையை வாங்கக் கை நீட்டிய பிறகு சொன்னால்தான் மனம் நோகும். சளி, இருமல் உள்ளவர்களும் உதட்டோரம் கொப்புளம் உள்ளவர்களும் பச்சிளங்குழந்தையை முத்தமிடக்கூடாது என்பதில் மட்டும் தாட்சண்யமே வேண்டாம். அதைச் சொல்லும் பொறுப்பைத் தாயின் தலையில் கட்டாமல், கணவரோ மாமியாரோ ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நடக்கப் பழகிய குழந்தைக்குக் கை கழுவிவிடும்போது கிண்ணத்துத் தண்ணீரில் விரலை முக்கி எடுப்பது போதாது. குழாயைத் திறந்தோ சொம்பிலிருந்து ஊற்றியோ ஓடுகிற தண்ணீரில்தான் கழுவ வேண்டும். சோப்பு நுரையுடன் உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என எல்லா இடமும் படும்படி 20 விநாடிகள் தேய்த்தால் போதும். சாதாரணக் குளியல் சோப்பே இதற்குப் போதுமானது. கிருமிநாசினி சேர்த்ததாக விளம்பரப்படுத்தப்படும் சோப்புகள் வீட்டுப் பயன்பாட்டில் கூடுதல் பலன் தருவதாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-ல் ட்ரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்களைக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. கூடவே, குழந்தையின் மணிக்கட்டில் கட்டியிருக்கும் கறுப்புக் கயிற்றையும் பாருங்கள். நாளெல்லாம் எச்சிலும் பாலும் ஊறி ஈரம் காயாமல் கிடக்கும் அதைத்தான் குழந்தை எந்நேரமும் வாயில் வைத்துச் சப்புகிறது. கட்டுவது உங்கள் வழக்கமென்றால் அடிக்கடி மாற்றுங்கள்.

சோப்பும் தண்ணீரும் கிடைக்காத இடத்துக்கு, அதாவது பேருந்துப் பயணத்துக்கும் மருத்துவமனை வரிசைக்கும் உரியது சானிடைசர். ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருக்கிறதா, தயாரித்தவர் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். இன்ஃப்ளூயென்ஸா, கொரோனா போன்ற கொழுப்புறை கொண்ட வைரஸ்களை அது நன்றாக அழிக்கும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோவைரஸின் மீது அவ்வளவாகச் செல்லாது; குடற்புழுக்களின் முட்டையையும் அதை நம்பி விட முடியாது. சேறோ எண்ணெய்ப் பிசுக்கோ படிந்த கையில் அதன் வேலை மேலும் குறைந்துவிடும் என்பதால், மண்ணில் விளையாடி வந்த கைக்கும் மலம் பட்ட கைக்கும் சோப்புத்தான் மருந்து. சிறு குழந்தைக்குப் போடும்போது உங்கள் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அதன் கையில் தேய்த்துவிட்டு, முழுவதும் காயும் வரை கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த பின் குழந்தை விரலை வாயில் வைத்தால் பதற வேண்டியதில்லை.

பதற வேண்டியது பாட்டிலைப் பற்றித்தான். 2021 ஜனவரி இறுதியில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் போலியோ சொட்டு மருந்துக்குப் பதிலாக 12 குழந்தைகளுக்குச் சானிடைசரைப் புகட்டிவிட்டார்கள். நல்லவேளையாக அனைவரும் பிழைத்தார்கள். முகாமிலேயே நடந்த இந்தத் தவறு வீட்டில் நடக்க எவ்வளவு நேரமாகும்? தண்ணீர் பாட்டிலிலோ பழைய மருந்துப் புட்டியிலோ சானிடைசரை ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். பழ வாசனையும் வண்ணமும் உள்ளதை வாங்காதீர்கள். கைப்பைக்குள் வைத்தால் அந்தப் பை குழந்தைக்கு எட்டக்கூடாது. ஒரு வாய் குடித்துவிட்டாலும் சிறு குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108-ஐ அழைத்து, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடை வாசல்களில் காலால் மிதித்து இயக்கும் சானிடைசர் ஸ்டாண்டுகளின் முனை குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கும். பிரான்சில் 2020-ல் இப்படிக் கண்ணில் தெறித்துப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பலர். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது சுத்தமான தண்ணீரை விட்டுக் கழுவிய பிறகு கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுப்பு, குத்துவிளக்கு, மத்தாப்பு எதனருகிலும் சானிடைசரைப் பயன்படுத்தக்கூடாது. தீபாவளியன்று குழந்தையின் கைக்குச் சோப்பு மட்டும்தான்.

மண்ணைப் பற்றிச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. உடன்பிறந்தோர் அதிகமுள்ள வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வாமை குறைவாக இருப்பதை 1989-ல் பிரிட்டனின் நோய்ப்பரவல் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ராச்சன் சுட்டிக்காட்டினார். கால்நடைகள் உள்ள பண்ணை வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்று ஐரோப்பாவில் பின்னர் நடந்த ஆய்வுகளும் கண்டன. ஆனால் இதற்கு, நோய் வந்தால் நல்லது என்று பொருளில்லை. செடி, மண், ஆடு மாடு, பிற குழந்தைகள் வழியாகப் பலவகையான தீங்கற்ற நுண்ணுயிர்களோடு பழகுவதுதான் உடலுக்கு உதவுகிறது என்றே இப்போது கருதப்படுகிறது. எனவே தோட்டத்து மண்ணில் தாராளமாக விளையாடட்டும். நாய், பூனை மலம் கழிக்கும் மணல்மேட்டிலும் திறந்தவெளிக் கழிப்பிடத்துக்கு அருகிலும் வேண்டாம், அங்கே வெறுங்காலுடன் நடக்கவும் வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையையும் தடுப்பூசி அட்டவணையையும் தவறவிடாதீர்கள்.

பள்ளியிலோ பிளே ஸ்கூலிலோ சேர்க்கும்போது, சானிடைசர் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், குழந்தைக்கு எட்டும் உயரத்தில் குழாயும் அதன் அருகில் சோப்பும் இருக்கின்றனவா, சாப்பாட்டுக்கு முன் ஆயாம்மா பக்கத்தில் நின்று கழுவிவிடுகிறாரா என்று நேரில் பாருங்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை உங்கள் குழந்தையையும் அனுப்பாதீர்கள்.